ஓ றிங் வாங்கக் கடைக்குப் போகுமுன்: இயந்திரத் திருத்த வேலைக்குப் புதியவர்களுக்கு

காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் கிளிநொச்சியிலும் பரந்தனிலும் உதிரிப்பாகக் கடைகளின் முன்னால் ஒரே காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். எண்ணெய் படிந்த கையில் அறுந்துபோன ஓ றிங் ஒன்றை, அதாவது எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் கறுப்பு றப்பர் வளையத்தை, வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் நிற்பார். "அண்ணை, இதே மாதிரி ஒண்டு தாங்கோ" என்பார். கடைக்காரரும் பெட்டிக்குள் கையை விட்டு, கண்ணளவில் ஒத்துப்போகும் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அந்த வளையம் மலிவானது; ஆனால் இரண்டு நாளில் அது மறுபடியும் ஒழுகத் தொடங்கினால் வீணாகும் எண்ணெயும், வயலின் நடுவே நின்றுபோகும் இயந்திரத்தின் கூலியும், அதற்குள் மழை வந்துவிட்டால் சாய்ந்துபோகும் நெல்லும் சேர்ந்து வரும் இழப்பு மலிவானதன்று.

"இதே மாதிரி" என்று கேட்பதில்தான் தவறு தொடங்குகிறது. பழைய வளையம் வெப்பத்தில் தட்டையாகியோ எண்ணெயில் ஊறிப் பெருத்தோ இருக்கும். முன்பு யாரோ பிழையாகப் பூட்டிய வளையமாகவும் அது இருக்கலாம். எனவே புதிதாக இவ்வேலைக்கு வருபவர்கள் ஓர் ஒழுங்கைப் பழகிக்கொள்ள வேண்டும். வளையம் எந்தத் திரவத்தைத் தொடும், எவ்வளவு சூடாகும், எவ்வளவு அமுக்கத்தைத் தாங்க வேண்டும், அது இருக்கும் பாகம் அசையுமா என்ற கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். அளவு அதற்குப் பிறகுதான் வரும்.

முதற்படி: வளையம் எதைத் தொடுகிறது

றப்பர் என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று நேரெதிரான குணமுள்ள பொருட்கள் அடங்கியிருக்கின்றன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை றப்பர் நீரையும் இழுவையையும் நன்றாகத் தாங்கும். டீசலிலோ எஞ்சின் எண்ணெயிலோ போட்டால் ஊறிப் பெருத்து வலுவிழந்துவிடும். சைக்கிள் டியூப்பில் உள்ள பியூட்டைல் றப்பரும் எண்ணெயைத் தாங்காது. வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த 1990களில், எந்த உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்காத நிலையில், பழைய டியூப்பை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டு இயந்திரங்களை ஓட வைத்தவர்கள் எமது மூத்த தொழிலாளர்கள். அந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். தண்ணீர்க் குழாயில் அந்த வாஷர் இன்றும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பியின் எரிபொருட் பாதையில் அதைப் போட்டால், அது கெதியில் கொழகொழத்துப் பாதையை அடைத்துவிடும். தேவையின் காரணமாக அன்று செய்ததை, நல்ல வளையம் கடையில் கிடைக்கும் இன்றும் பழக்கத்தால் தொடர வேண்டியதில்லை.

நாம் அன்றாடம் கையாளும் கறுப்பு வளையங்களில் பெரும்பாலானவை நைட்ரைல் றப்பரால் ஆனவை. எஞ்சின் எண்ணெய், ஹைட்ரோலிக் எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய், கிறீஸ், குளிர்ந்த நீர் ஆகியவற்றுக்கு இதுவே முதல் தெரிவு. உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம், அரிசி ஆலையின் கியர்ப் பெட்டி ஆகியவற்றில் வேறு குறிப்பு எதுவும் இல்லையென்றால் நைட்ரைல் என்றே நினைத்துத் தொடங்கலாம். வெயிலும், காற்றிலுள்ள ஓசோனும், கிளைக்கோல் வகைப் பிறேக் ஒயிலும் அதற்கு ஆகாதவை.

ஈ.பி.டி.எம். என்ற றப்பரும் கறுப்பாகவே இருக்கும். பார்த்தாலும் தொட்டாலும் நைட்ரைலிலிருந்து வேறுபடுத்துவது கடினம். ஆனால் அதன் குணம் நைட்ரைலுக்கு முற்றிலும் மாறானது. சுடுநீர், நீராவி, வெயில், கிளைக்கோல் வகைப் பிறேக் ஒயில் ஆகியவற்றை அது தாங்கும். கனிம எண்ணெயையும் டீசலையும் கிறீஸையும் தாங்காது. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக் தூக்கியில் நான் பூட்டிய வளையம் அளவில் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்குப் பொருந்தியிருந்தது. மூன்றாம் நாள் தூக்கி இறங்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது வளையம் தன் காடியை, அதாவது அது அமரும் வெட்டுப் பள்ளத்தை, விட்டுப் பிதுங்கி, மறுபடியும் காடிக்குள் அமர்த்த முடியாத அளவுக்குப் பெருத்திருந்தது. நீர்க்குழாய்ப் பொருத்துக்கென வந்த ஈ.பி.டி.எம். வளையத்தை நான் கேட்காமல் வாங்கியிருந்தேன். கடைக்காரரைக் குறைசொல்ல இடமில்லை, ஏனென்றால் அது எண்ணெயில் நிற்கப்போகிறது என்று நான் அவருக்குச் சொல்லவேயில்லை.

பிறேக் வேலையில் இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது. டொட் 3, டொட் 4 என்று குறிக்கப்பட்ட கிளைக்கோல் திரவம் ஓடும் பிறேக்கில், அதற்கென வந்த றப்பர்க் கிண்ணங்களையும் வளையங்களையும் மட்டுமே போட வேண்டும். அவற்றை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவக்கூடாது. எங்கள் கராச்சுகளில் எதையும் மண்ணெண்ணெயில் கழுவுவது வழக்கம். பிறேக் உருளையையும் அப்படிக் கழுவினால், மிஞ்சிய ஈரமே புதிய கிண்ணத்தை ஊற வைத்துவிடும். புதிய பிறேக் ஒயிலாலேயே கழுவித் துடைப்பதுதான் முறை. மறுபுறம், பல உழவு இயந்திரங்களில் பிறேக்கே கியர் எண்ணெய்க்குள்தான் இயங்குகிறது; அங்கே நைட்ரைல்தான் பொருந்தும். ஆகவே மூடியின் மேல் எந்தத் திரவம் என்று எழுதியிருப்பதைப் படித்த பின்பே வளையத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வைட்டன் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் புளோரோகாபன் றப்பர் விலை கூடியது. பெற்றோல், டீசல், சூடான எண்ணெய் ஆகியவற்றில் நைட்ரைலை விட நெடுங்காலம் நிற்கும். விலை கூடியது எங்கும் நல்லது என்ற எண்ணத்தில் சிலர் நீராவிக் குழாயிலும் வைட்டனைப் போடுகிறார்கள். சாதாரண வைட்டன் நீராவியிலும் மிகச் சூடான நீரிலும் விரைவில் கெட்டுவிடும். அமோனியாவும் அதற்கு ஆகாது. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரங்களில் மீனுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலைகளில் அமோனியாவால் குளிரூட்டும் பொறிகள் இருந்தால், அங்கே நியோபிறீன் வளையமே வழமையாகப் பொருந்தும். அமுக்கியின் (கொம்பிறசரின்) எண்ணெயும் அங்கே கலந்திருப்பதால் ஈ.பி.டி.எம். கூடாது. அமோனியா மூச்சையும் கண்ணையும் தாக்கும் வாயுவாகையால், அந்தக் குழாய்களைப் பயிற்சி பெற்றவர் ஒருவர் இல்லாமல் புதியவர்கள் கழற்றவே கூடாது.

சிலிக்கோன் வளையம் உலர்ந்த வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் எளிதில் கிழியும். அசையும் பாகத்தில் போடக்கூடாது. பொலியூரிதேன் தேய்மானத்தைத் தாங்குவதில் சிறந்தது. ஹைட்ரோலிக் உருளைகளில் அதைக் காணலாம். சுடுநீரில் அது சிதைந்துவிடும்.

நிறத்தைப் பார்த்துப் பொருளை முடிவுசெய்யும் பழக்கம் எங்கும் உண்டு. பழுப்பும் பச்சையும் வைட்டனாகவும், சிவப்பும் செம்மஞ்சளும் சிலிக்கோனாகவும் இருப்பதுண்டு என்றாலும், நிறத்துக்குப் பொதுவான கட்டாய விதி எதுவும் இல்லை. கையிலுள்ள வளையம் எதுவென்று தெரியாதபோது நான் செய்யும் சோதனை எளிமையானது. அதே வகை வளையம் ஒன்றின் தடிப்பை அளந்து எழுதிவிட்டு, இயந்திரத்தில் உள்ள அதே எண்ணெயில் மூடிய போத்தலொன்றில் ஒரு நாள் முழுவதும் ஊறவிட்டு, மீண்டும் அளப்பேன். கண்ணுக்குத் தெரியுமளவு பெருத்திருந்தாலும், நகத்தால் கீறும்போது மென்மையாகிப் போயிருந்தாலும், அது அந்த எண்ணெய்க்கு உரியதன்று. சிலர் வளையத்தை எரித்துப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்க முயல்கிறார்கள். அது வேண்டாம். வைட்டன் எரியும்போதும் கருகும்போதும் ஐதரசன் புளோரைட்டு என்ற கொடிய நச்சுப்பொருள் வெளிவரும். தீப்பிடித்த இயந்திரமொன்றில் கருகி ஒட்டிக்கிடக்கும் வளையத்தை வெறுங்கையால் தொடுவதும் ஆபத்தானது.

இரண்டாம் படி: வெப்பமும் அமுக்கமும்

நைட்ரைல் வளையத்தை 100 பாகை செல்சியஸ் வரை நம்பலாம். அதற்கு மேல் நெடுநேரம் நின்றால் இறுகி வெடிக்கும். வைட்டன் ஏறத்தாழ 200 பாகை வரை தாங்கும். ஈ.பி.டி.எம். வளையங்களில் பெரொக்சைட்டால் பதப்படுத்தியவை ஏறத்தாழ 150 பாகை வரை நிற்கும். கந்தகத்தால் பதப்படுத்தியவை அதற்கு முன்பே தளர்ந்துவிடும். ஆகவே நீராவி வேலைக்கு வாங்கும்போது இதைக் கேட்டே வாங்க வேண்டும்.

நெல் அவிக்கும் ஆலைகளில் இந்தக் கணக்கு நேரடியாகப் பயன்படும். நீராவியின் வெப்பநிலை அதன் அமுக்கத்தோடு ஏறும். அமுக்கமானியில் 3 பார் (அமுக்கத்தின் அலகு) காட்டும்போது நீராவி ஏறத்தாழ 144 பாகையிலும், 5 பார் காட்டும்போது ஏறத்தாழ 159 பாகையிலும் இருக்கும். முதலாவதில் நல்ல ஈ.பி.டி.எம். தன் எல்லைக்கு அருகிலும், இரண்டாவதில் எல்லையைத் தாண்டியும் நிற்கிறது. அதற்கு மேற்பட்ட இடங்களில் றப்பரை விட்டுவிட்டு, கொதிகலனைச் செய்தவர் சொல்லும் கிராபைட்டு அல்லது டெஃப்ளோன் அடைப்பையே பயன்படுத்த வேண்டும். கொதிகலனின் மூடிகளைத் திறந்து அடைப்பு மாற்றுவது இக்கட்டுரையைப் படித்துச் செய்யும் வேலை அன்று. அதற்குத் தகுதி பெற்றவரை அழையுங்கள்.

அமுக்கத்தைப் பொறுத்தவரை, வளையத்தின் கடினத்தன்மையே முக்கியமானது. இது ஷோர் ஏ என்ற அளவில் சொல்லப்படும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை 70 ஷோர். உயர் அமுக்கத்துக்கு 90 ஷோர். அமுக்கம் கூடும்போது வளையம் பாகங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளிக்குள் பிதுங்கப் பார்க்கும். பிதுங்கிய ஓரத்தை, பாகம் அசையும் ஒவ்வொரு முறையும் இரும்பு கடித்தெடுக்கும். ஏறத்தாழ 100 பாருக்கு மேற்பட்ட அமுக்கமுள்ள ஹைட்ரோலிக் உருளைகளில் 70 ஷோர் வளையத்தைத் தனியே நம்பக்கூடாது. அதற்குத் துணையாக டெஃப்ளோன் போன்ற கடினமான பொருளாலான தட்டை வளையம் ஒன்றை, அமுக்கம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பார்கள். கழற்றும்போது அந்த வெள்ளைத் துணைவளையத்தைக் கழிவென்று நினைத்து எறிந்துவிடும் புதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைக் கழற்றும் அந்தக் கணத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: காடியை அளத்தல்

ஓ றிங்கின் அளவு இரண்டு எண்களால் சொல்லப்படும்: உள்விட்டமும் தடிப்பும். தட்டையான, பெருத்த பழைய வளையத்திலிருந்து இந்த இரண்டையும் சரியாக எடுக்க முடியாது. ஆனால் வளையம் இருந்த காடி உலோகத்தில் வெட்டப்பட்டது, அது மாறுவதில்லை. காடியைத் துணியால் நன்றாகத் துடைத்து, வேணியர் இடுக்கிமானியால் காடியடியின் விட்டத்தையும், அது நுழையும் உருளையின் உள்விட்டத்தையும் அளக்க வேண்டும். நல்ல இடுக்கிமானி ஒன்றை வாங்கும் செலவு, பிழையான வளையங்களால் வீணாகும் எண்ணெயின் விலையில் மிக விரைவில் திரும்பி வரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆடுதண்டின் காடியடி விட்டம் 44 மில்லிமீற்றர், அது ஓடும் உருளையின் உள்விட்டம் 50 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பாதி, அதாவது 3 மில்லிமீற்றர்தான், வளையத்துக்குக் கிடைக்கும் இடம். அதற்குள் 3.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையத்தைப் போட்டால், அது அரை மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 14 வீதம் நசுங்கும். அசையும் பாகங்களுக்கு 10 முதல் 20 வீத நசுக்கமும், அசையாத மூடிகளுக்கு 15 முதல் 30 வீத நசுக்கமும் பொதுவாகப் பொருந்தும். ஆகவே இது சரியான வளையம். அதே இடத்தில், கண்ணுக்கு வேறுபாடு தெரியாத 3.1 மில்லிமீற்றர் வளையத்தைப் போட்டால் நசுக்கம் 3 வீதம்தான். தொடக்கத்தில் பிடித்தாலும், றப்பர் சற்றுத் தளர்ந்தவுடன் ஒழுகும். உள்விட்டம் காடியடியை விடச் சற்றே சிறிதாக இருந்து வளையம் இலேசாக இழுபட்டு அமர வேண்டும். அந்த இழுவை 5 வீதத்தைத் தாண்டினால் வளையம் மெலிந்து, நசுக்கமும் குறைந்துவிடும்.

ஜப்பானிய நியமத்தில் இந்த இடத்துக்கு உரியது பி 44 என்ற வளையம். அதன் உள்விட்டம் 43.7, தடிப்பு 3.5 மில்லிமீற்றர். எங்கள் வயல்களில் ஓடும் குபோட்டா, யன்மார் போன்ற ஜப்பானிய இயந்திரங்களின் பாகப் பட்டியல்களில் பி, ஜி என்று தொடங்கும் இத்தகைய குறிகளைக் காணலாம். இவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. பி 10, பி 10ஏ ஆகிய இரண்டுக்கும் உள்விட்டம் ஒன்றே, 9.8 மில்லிமீற்றர், ஆனால் முதலாவதன் தடிப்பு 1.9, இரண்டாவதன் தடிப்பு 2.4. பி 22இன் தடிப்பு 2.4, பி 22ஏயின் தடிப்பு 3.5. கடையில் அந்த "ஏ" என்ற எழுத்தைச் சொல்ல மறந்தால் பிழையான வளையத்தோடுதான் வீடு திரும்புவீர்கள்.

பிரித்தானிய, அமெரிக்க வடிவமைப்பிலுள்ள பழைய இயந்திரங்களில் அங்குல அளவையே பெரும்பாலும் காண்போம். ஏ.எஸ். 568 என்ற அமெரிக்க நியமத்தில் தடிப்புகள் 1.78, 2.62, 3.53, 5.33, 6.99 மில்லிமீற்றராக வரும். அனைத்துலக நியமமான ஐ.எஸ்.ஓ. 3601இன் பழைய பதிப்பு இவற்றை 1.80, 2.65, 3.55, 5.30, 7.00 என்று கொண்டிருந்தது. 3.53க்குப் பதிலாக 3.55 போடுவதால் கேடில்லை. 2.62க்குப் பதிலாக 2.4 போடுவது பிழை.

வளையம் அறுந்திருந்து, காடியை அளக்கவும் வழியில்லாவிட்டால், அதை நேராக நீட்டாமல் இயல்பாகக் கிடத்தி நீளத்தை அளந்து, 3.14ஆல் வகுத்து, தடிப்பைக் கழித்தால் உள்விட்டம் கிடைக்கும். 148 மில்லிமீற்றர் நீளமும் 3.5 தடிப்பும் உள்ள வளையத்துக்கு 47.1இலிருந்து 3.5ஐக் கழிக்க 43.6 வரும், அருகிலுள்ள நியம அளவு 43.7. பழைய வளையம் ஊறியிருந்தால் இந்தக் கணக்கும் அதே அளவுக்குப் பிழைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

காடி வளையத்தை விட அகலமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மிச்ச இடத்தைச் சிலிக்கோன் பசையால் நிரப்புவோர் உண்டு. றப்பரின் கனவளவு நசுக்குவதால் குறையாது. ஒரு பக்கம் நசுங்கினால் மறுபக்கம் அகலும். அந்த இடம் அதற்காகவே விடப்பட்டது. பசையால் அதை அடைத்தால் வளையம் வெளியே பிதுங்கி வெட்டுப்படும்.

சுழலும் தண்டுக்கு ஒயில் சீல்

பம்பியிலும் கியர்ப் பெட்டியிலும் தொடர்ந்து சுழலும் தண்டுக்கு ஓ றிங் போதாது. அங்கே, சுழலும் தண்டை மெல்லிய றப்பர் உதட்டால் தழுவி எண்ணெயை மறிக்கும் ஒயில் சீல் வேண்டும். அதன் முகத்திலேயே 35, 52, 7 என்பது போன்ற மூன்று எண்கள் பதிந்திருக்கும்: தண்டின் விட்டம், சீல் அமரும் துளையின் விட்டம், அகலம். உட்புறத்தில் சுருள்வில் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உமியும் தூசும் பறக்கும் அரிசி ஆலைக்கு வெளிப்புறத்தில் இரண்டாவது உதடு ஒன்றுள்ள சீலையே நான் எப்போதும் தெரிவு செய்கிறேன். புதிய சீல் போட்டும் ஒழுகினால் தண்டைத் தடவிப் பாருங்கள். பழைய உதடு ஓடிய இடத்தில் நகம் தட்டுப்படுமளவு பள்ளம் இருந்தால், எந்தச் சீலும் அங்கே நிற்காது. சீலைச் சற்று உள்ளே தள்ளி அமர்த்தி உதடு புதிய இடத்தில் ஓடும்படி செய்யலாம், அல்லது தண்டுக்கு மெல்லிய உலோக உறை போடலாம்.

பூட்டுதல்

நல்ல வளையங்கள் பலவும் பூட்டும் அந்த அரை நிமிடத்திலேயே கெட்டுப்போகின்றன. கூரான ஸ்குறூ டிறைவரால் நெம்பக்கூடாது. மரத்தாலோ பிளாத்திக்கினாலோ ஆன மழுங்கிய கருவி போதும். வளையம் மரையைத் தாண்டிப் போக வேண்டுமானால் மரையின் மேல் ரேப் சுற்றிக்கொள்ளுங்கள். உலர்ந்த வளையத்தைத் தள்ளினால் அது முறுகும். முறுகியபடி காடியில் அமர்ந்த வளையம் சில நாட்களில் சுருளாக அறுபடும். ஆகவே இயந்திரத்தில் உள்ள அதே எண்ணெயைத் தடவிக்கொள்வதே பாதுகாப்பானது. ஈ.பி.டி.எம். வளையத்துக்கு மட்டும் சாதாரண கிறீஸோ வஸ்லினோ கூடாது. சிலிக்கோன் கிறீஸ் தடவ வேண்டும்.

கழற்றிய வளையத்தை எறியுமுன் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். இரு பக்கமும் தட்டையாகி இறுகியிருந்தால் வெப்பம் கூடுதல்; அடுத்ததாக வைட்டனை யோசிக்கலாம். மென்மையாகிப் பெருத்திருந்தால் திரவத்துக்குப் பொருந்தாத றப்பர். ஓர் ஓரம் மட்டும் எலி கொறித்ததுபோல் இருந்தால் அமுக்கத்தில் பிதுங்கியது. 90 ஷோரோ துணைவளையமோ வேண்டும். வெளிப்புறத்தில் இழுவைக்குக் குறுக்கே வெடிப்புகள் இருந்தால் ஓசோனும் வெயிலும் செய்த வேலை.

வைத்திருத்தல்

றப்பரைச் சேமிப்பது பற்றிய ஐ.எஸ்.ஓ. 2230 நியமம் 25 பாகைக்கு உட்பட்ட, வெளிச்சமற்ற இடத்தைக் கேட்கிறது. நல்ல முறையில் வைத்தால் நைட்ரைல் 7 ஆண்டுகளும், ஈ.பி.டி.எம்., வைட்டன், சிலிக்கோன் ஆகியவை 10 ஆண்டுகளும் இருக்கலாம் என்பது அதன் கணக்கு. சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரைகளின் கீழே அந்த வெப்பநிலை கிடைக்காது. எனவே அந்த ஆண்டுகளை அப்படியே நம்பாமல் குறைத்துக்கொள்ள வேண்டும். வளையங்களை ஆணியில் கோத்துத் தொங்கவிடும் கடையில் நான் வாங்குவதில்லை, ஏனென்றால் தொங்கும் இடத்தில் வளையம் இழுபட்டு வெடிக்கும். வெல்டிங் செய்யும் இடத்திலும் மின்மோட்டருக்கு அருகிலும் ஓசோன் உண்டாகும். உறையோடு, மூடிய தகரப் பெட்டியில், வீட்டின் குளிர்ந்த அறையில் வைப்பதே நாம் செய்யக்கூடியது. உறையில் அச்சிட்ட உற்பத்தித் திகதியை வாங்கும்போதே பாருங்கள்.

கடைசியாக, ஒரு சிறு கொப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் எந்த இயந்திரம், எந்த இடம், என்ன திரவம், காடியின் அளவு, பூட்டிய வளையம், திகதி ஆகியவற்றை அதில் எழுதுங்கள். என் கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "அறுவடை இயந்திரம், வெட்டியைத் தூக்கும் உருளை, ஹைட்ரோலிக் எண்ணெய், காடி 44, உருளை 50, பி 44, நைட்ரைல், 90 ஷோர், துணைவளையம் கீழ்ப்பக்கம்." அடுத்த காலபோகத்தில் அந்த வரியைக் கடையில் வாசித்தால் போதும்.